அபிக்குக் காது கேக்கல

இந்தப் பக்கம் வந்து உக்காருங்கண்ணே, அங்க ஃபேன் காத்து வராது. உங்களுக்கு எந்தக் காது? எடதா? அப்ப நான் வலதுபக்கம் மாறிக்கிறேன். இல்லாட்டி நான் பேசுறது பூராம் செவுத்துக்குத்தான் போகும். இப்பக் கேக்குதா? ஆங்.

என் புள்ளையத்தான் உள்ள கூட்டிட்டுப் போயிருக்காக. கடைக்குட்டி, அபிநயா. ஏழு வயசு. தூங்க வச்சு எடுக்குற டெஸ்ட்டாம்ணே. சிரப்பக் குடுத்துப் படுக்கப் போட்டு, மண்டையில வயர ஒட்டி, காதுக்குள்ள டிக்கு டிக்குன்னு சத்தத்த விடுவாகளாம். அது மூளைக்குப் போய்ச் சேருதா இல்லையான்னு மிசினே சொல்லிருமாம். புள்ளையக் கேக்கவே வேண்டாமாம். எப்படியெல்லாம் கண்டுபிடிக்கிறாய்ங்க பாத்தீங்களா.

போன தடவை காதுல ஹெட்போன மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா கையத் தூக்குன்னு எழுதிக் காட்டுனாக. இவ கையத் தூக்கவே இல்ல. சின்னச் சத்தம், பெரிய சத்தம், எதுக்கும் இல்ல. கல்லு மாதிரி உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. அந்த டாக்டரம்மா இவளையே ஒரு மாதிரிப் பாத்துட்டு, இதுக்கு வேற டெஸ்ட்டு இருக்கு, கூட்டிட்டு வாங்கன்னுச்சு.

எங்களுக்குச் சின்னமனூருண்ணே. குட்டியானை ஓட்டுறேன். யானை இல்லண்ணே, சின்ன லோடு வண்டி. வாழைத்தாரு ஏத்திக்கிட்டு மதுரை மார்க்கெட்டுக்கு வருவேன். இன்னிக்கும் லோடு எறக்கிட்டுத்தான் இங்க வர்றேன்.

மூணும் பொம்பளப் புள்ளைக எனக்கு. உடனே ‘ஐயோ பாவம்’ங்குற மூஞ்சிய வைக்காதீங்க. எல்லாப் பயலும் இதைத்தான் செய்யிறான். நான் ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ளன்னு பிரிச்சுப் பாக்குற ஆளே கெடையாது. வேணும்னா எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க. காலையில எங்க வீட்டுக்கு வந்து பாக்கணும்ணே நீங்க. மூத்தவ சங்கவிக்கு ரெட்டச்சடை, நடுவுல நிவேதாவுக்கு ரெட்டச்சடை. என் பொண்டாட்டி ஜெயக்கொடி சீப்ப வாயில கவ்விக்கிட்டு ஒருத்தியப் பிடிச்சா இன்னொருத்தி ஓடிருவா. ரிப்பன் ஒண்ணு இருந்தா ஒண்ணு இருக்காது. இவ சாக்ஸ அவ போட்டுட்டான்னு கூப்பாடு. முட்டைய அவிச்சு அறுத்துக் குடுத்தா, மஞ்சக்கரு எவளுக்குக் கூடப் போச்சுன்னு ஒரு பஞ்சாயத்து. நான் அதையெல்லாம் ஆசையாப் பாத்துக்கிட்டு நிப்பேன். அப்பேர்ப்பட்டவன்ணே நான்.

ஆனா ஒரு பையன் வேணும்ல? நீங்களே சொல்லுங்க. நாளைக்கு நம்மளத் தூக்கிட்டுப் போறப்ப முன்னால கொள்ளிச்சட்டி தூக்க ஒரு ஆளு வேணும்ல? அது ஆசையில சேராது, தேவையில சேரும்.

மூணாவதும் பொண்ணாப் பொறந்ததும் ஜெயக்கொடி மூணு நாளு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. பால் குடுக்க மாட்டேன்னுட்டா. அப்புறம் எங்க சாமி கும்புடுற எடத்துல கோடாங்கி உடுக்கடிச்சுக் குறி சொன்னாரு. இந்தப் புள்ளைய ஆம்பளப் புள்ளையா நெனச்சு வளங்க, அடுத்து ஆம்பளைதான் வரும்னாரு. எங்க பக்கம் இது வழக்கம்ணே, நாங்களா புதுசா கண்டுபிடிக்கல. பூ வைக்கக்கூடாது, வளையல் போடக்கூடாது, முடி வளக்கக்கூடாது. டவுசர் சட்டைதான். வாடா போடாதான். எங்க சாமி பேரையே வச்சுட்டோம், வைரவன்னு. பள்ளிக்கூடத்துல மட்டும் அபிநயா.

அட, அவ ஆம்பளப் பயலாவே இருந்தாண்ணே! நெசமாச் சொல்றேன். நடக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்கூடத்தான். பால்வாடி விட்டா வண்டி, பள்ளிக்கூடம் லீவுன்னா வண்டி. முன்சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துக்குவா. கிளீனர்னு பேரு வச்சிருந்தாய்ங்க மார்க்கெட்டுல. வண்டியப் பின்னால எடுத்தா எறங்கி ஓடிப்போயி நின்னு, பலகையில தட்டி, ‘வரட்டும் வரட்டும்... லெஃப்டு ஒடிங்க... போதும், போதும்’னு கத்துவா. இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்ன அதிகாரம்ங்குறீங்க! கமிசன் கடை முதலாளி ஒரு தடவை, ‘ஏண்டா, உன் அக்காமாரக் கூட்டிட்டு வரலையா’ன்னு கேட்டாரு. ‘அதுக பொம்பளப் புள்ளைக, மார்க்கெட்டுக்கெல்லாம் வரக்கூடாது’ன்னுட்டா. அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, பரோட்டா பொறையேறிப் போச்சு.

கோடாங்கி சொன்னது பலிச்சுச்சு. போன வருசம் பையன் பொறந்தான். நம்பிக்கையில்லேன்னு சொல்றவன் வந்து பாத்திருக்கணும். கறுப்பா, உருண்டையா, எங்கப்பன அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வரும்ங்குறதே அன்னிக்குத்தாண்ணே எனக்குத் தெரியும்.

பேரு வைக்கணும்ல. வேற பேரா தேடுவாக? வைரவன்தான். சாமிக்கு நேந்து வச்ச பேரு. இந்தப் புள்ளகிட்ட குடுத்து வச்சிருந்தோம், அம்புட்டுத்தான். உரியவன் வந்ததும் எடுத்துக் குடுத்துட்டோம். என் அக்கா தொட்டில்கிட்ட குனிஞ்சு பையன் காதுல, ‘வைரவா’ன்னா. பக்கத்துல நின்ன இவ, ‘என்ன அத்த?’ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டோம். மூணு தடவை சொல்லணும்ல. ரெண்டாந்தடவை சொன்னதுக்கும் ‘என்ன அத்த?’ மூணாவதுக்கு என் அக்கா இவ வாயப் பொத்திக்கிட்டுத்தான் சொன்னா. ‘அது என் பேரு, அது என் பேரு’ன்னு சாயங்காலம் வரைக்கும் ஒரே அழுகை. இத்தனைக்கும் அபிநயாங்குற பேரு எவ்வளவு நல்ல பேரு! நான் பாத்துப் பாத்து வச்ச பேருண்ணே அது.

அப்புறம் பாவாடை சட்டை எடுத்தோம், கொலுசு போட்டோம். பொம்பளப் புள்ளைய எத்தனை நாளைக்கு டவுசர்ல விட முடியும்? முடி வளரணும்ல. ஜெயக்கொடி சொல்லிட்டா, இனிமே வண்டிக்குக் கூட்டிட்டுப் போகாதீக, ஆம்பளைக பொழங்குற எடம்னு. ஞாயந்தான? நான் வண்டியக் கெளப்புனா பின்னாலயே ஓடிவருவா. தண்ணித்தொட்டி வரைக்கும் வந்து நிப்பா. கண்ணாடியில தெரியும். எனக்கு மட்டும் சங்கடமா இல்லையா? நாலு நாளு ஓடுவா, அப்புறம் பழகிருவான்னு நானும் கியரப் போட்டுப் போயிருவேன். அக்காமாரு பழகலையா என்ன?

பையன் இருக்கலண்ணே.

மூளைக்காய்ச்சல். தவந்து நெலப்படி வரைக்கும் வர ஆரம்பிச்சிருந்தான். காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனோம், கொண்டாந்து கையில குடுத்துட்டாக. யாரையும் குத்தம் சொல்லல. நாங்க கொண்டுபோனதே லேட்டுன்னாக.

சின்னப் புள்ளைகள எங்க வழக்கத்துல எரிக்க மாட்டோம், பொதைக்கிறதுதான். என் வண்டியிலதாண்ணே கொண்டுபோனேன். துணியில சுத்தி என் அக்கா மடியில வச்சிருக்கா, தெருவே அழுகுது, நான் சாவியப் போடுறேன். அப்ப இவ வந்து நிக்கிறா. பாவாடைய எங்க கழட்டிப் போட்டாளோ, பழைய டவுசர் சட்டைய எடுத்து மாட்டியிருக்கா. டவுசர் பத்தல, பட்டன் போட முடியாம ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ‘அப்பா, நான் இனிமே வண்டிக்கு வரலாமா?’ன்னு கேட்டாண்ணே. மூஞ்சியில சிரிப்பு. பெத்த வயிறு பத்தி எரியுது, இவளுக்குச் சிரிப்பு!

கன்னத்துல லேசா ஒரு தட்டுத் தட்டுனேன். வேகத்துல கை போயிருச்சு. யாரா இருந்தாலும் போயிருக்கும். கீழ விழுந்தா, எந்திரிச்சா, உள்ள போயிட்டா, அவ்வளவுதான். ரத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. தெருக்காரய்ங்களுக்கு வேற வேலையில்லாம, அப்பன் அடிச்ச அடியில புள்ள செவிடாயிருச்சுன்னு பேசிக்கிட்டுத் திரியிறாய்ங்க. டீக்கடையில என் காதுபடவே சொல்றாய்ங்கண்ணே. சோறு எறங்க மாட்டேங்குது எனக்கு. நீங்களே கணக்குப் பண்ணிப் பாருங்க. நான் அடிச்சதுக்கப்புறமும் அவளுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. காரியம் முடியுற வரைக்கும் கூப்பிட்ட கொரலுக்கு வந்தா. தண்ணி கேட்டாக் கொண்டாந்து குடுத்தா. நான் அடிச்சதுதான் காரணம்னா அன்னிக்கே போயிருக்கணும்ல?

எப்பப் போச்சுன்னு கரெக்டா எனக்குத் தெரியும். திண்டுக்கல் பக்கம் ஹாஸ்டல்ல சேக்கக் கூட்டிட்டுப் போனோம்ல, அன்னிக்குத்தான்.

அது ஜெயக்கொடி சொன்னதுண்ணே. இவ மூஞ்சியப் பாத்தா எனக்கு எம்புள்ள நெனப்பு வருது, எங்கிட்டாவது கொண்டுபோயி விட்ருங்கன்னா. பெத்தவ மனசு, நாம என்ன சொல்றது? அவ தங்கச்சி வேற வந்து தூபம் போட்டுட்டா. உசிரோட இருக்குற புள்ள பேரப் பிடுங்கி இன்னொண்ணுக்கு வச்சீங்கள்ல, அதான் இந்தப் புள்ள அந்தப் பேரத் திருப்பி எடுத்துக்கிச்சுன்னா. நான் அதையெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா வீட்டுல நிம்மதி வேணும்ல? ஹாஸ்டல்னா என்ன, செயிலா? வேளாவேளைக்குச் சோறு, படிப்பு. சிஸ்டருக நல்லாப் பாத்துக்குவாக. இவளுக்கு நல்லதுதான்னு நானும் சரின்னுட்டேன்.

பொட்டியோட போயி எறங்குனோம். அந்தப் பெரிய சிஸ்டர் சிரிச்ச மூஞ்சியா, ‘உன் பேரென்னம்மா?’ன்னு கேட்டாக. பேசல. திரும்பக் கேட்டாக, பேசல. பின்னால நின்னு கையத் தட்டுனாக, திரும்பல. நான், ‘அபி, ஏ அபி’ங்குறேன், என்னய ஏறெடுத்துப் பாக்கல. காது கேக்காத புள்ளைய வச்சுப் பாக்க எங்ககிட்ட ஆளு இல்லங்க, வைத்தியம் பாத்துச் சரியானதும் கூட்டிட்டு வாங்க, எடம் வச்சிருக்கோம்னாக. அவுக மேல தப்பு இல்ல. அப்படியே வண்டியத் திருப்பிட்டோம். வர்ற வழியில முன்சீட்டுல உக்காந்து தூங்கிட்டா. எனக்குத்தான் வழிநெடுக ஒரே பயம், ஊரு சொல்றது நெசமாயிருமோன்னு.

அதுல இருந்து பேச்சும் இல்ல, கேக்குறதும் இல்ல. ஜெயக்கொடி முதல்ல நடிக்கிறான்னா. அப்புறம் அவளும் விட்டுட்டா. இப்பெல்லாம் புள்ள முன்னாலயே எல்லாத்தையும் பேசுவா. அது போனதுக்கு இது போயிருக்கலாம்னுகூட ஒரு நா சொல்லிட்டா, இவ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருக்கா. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வயித்தெரிச்சல்ல பேசுறவளப் பிடிச்சு என்னத்த அடக்குறது? கேக்கவா போகுது புள்ளைக்கு? அது ஒண்ணுதான் ஆறுதல்.

முதல்ல தேனியில பாத்தோம். அவரு மதுரைக்குப் போன்னுட்டாரு. அதுல இருந்து இங்க நடையா நடக்குறேன். எப்படியும் மதுரைக்கு லோடு இருக்கும்ல, இவளையும் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துர்றது. உண்மையச் சொல்லணும்னா, அது ஒரு சந்தோசம்ணே. பழையபடி முன்சீட்டு. ஜன்னல்ல கைய வச்சுக்கிட்டு வருவா. உசிலம்பட்டி தாண்டி ஒரு கடை, அங்க எனக்கு டீ, இவளுக்குப் பாலு, பன்னு. பன்ன முக்கி முக்கித் தின்பா. நான் ரேடியோவப் போடுவேன். அவ வாயி முணுமுணுன்னு ஆடும், பழைய பழக்கம் பாருங்க. பாட்டுத்தான் கேக்காதேன்னு எனக்குக் கண்ணு கலங்கிரும். இன்னிக்குக் காலையில மார்க்கெட்டுல ஒரு லோடு ஆட்டோக்காரன் இவ பின்னால ஹாரனப் போட்டுக்கிட்டே வர்றான். நான் ‘ஏய்’னு கத்துறேன், இவளுக்குத்தான் கேக்காதே! சாமி புண்ணியம், தானா ஒதுங்கிட்டா. அவளுக்கு அந்த வைரவன் தொணை இருக்குண்ணே.

வீட்டுல இருந்தா ஒரு மூலையில கெடப்பா. ஆஸ்பத்திரிக்குன்னு சொல்ல வேண்டியதே இல்ல. நான் சட்டைய மாட்டுறதப் பாத்ததும் செருப்பப் போட்டுக்கிட்டு வண்டிகிட்ட நிப்பா. பாவம், சரியாயிரும்னு அதுக்கும் ஒரு ஆசை இருக்கும்ல?

இருங்கண்ணே, கதவு தெறக்குது. நம்மளத்தான்.

சொல்லுங்க மேடம். ஆமா, நாந்தான் அப்பா... என்னது? ரெண்டு காதுமா? ரெண்டுமே நல்லாருக்கா? மேடம், அந்த எடது காது... அதுவுமா! அடி எதுவும் பட்ட மாதிரி... ஒண்ணுமே இல்லையா! நல்லாச் சொல்லுங்க மேடம், சத்தமாச் சொல்லுங்க, இந்தா இந்த அண்ணனும் கேக்கட்டும். குண்டூசி விழுந்தாக்கூட இவளுக்குக் கேக்கும்ங்குறாகண்ணே! முதல்ல இருந்தே நல்லாத்தான் இருந்திருக்குமாம். சரிங்க மேடம். என்னது, மனசு டாக்டரா? அதெல்லாம் எதுக்கு மேடம், காதே நல்லாருக்கு, இனி என்ன. புள்ளைய இப்படிக் குடுங்க. இன்னும் மருந்து தெளியல போல. வா சாமி, அப்பன் தோள்ல சாஞ்சுக்க.

கேட்டீங்களாண்ணே? எங்கையில குத்தம் இல்ல. நாந்தான் சொன்னேன்ல, லேசாத்தான் தட்டுனேன்னு. இத அப்படியே அந்த டீக்கடையில போயிச் சொல்லணும். எந்தப் பய இனிமே வாயத் தெறப்பான், பாக்குறேன். மலையே எறங்கிப் போச்சுண்ணே தலையில இருந்து. இருங்க, வீட்டுக்குச் சொல்லிர்றேன்.

ஏ ஜெயக்கொடி, காது நல்லாருக்காம்டி! ஆமா, ரெண்டும். நான் அடிச்சதுல ஒண்ணுமே ஆகல, டாக்டரம்மா வாயாலயே சொல்லிருச்சு. நீ அந்த ஹாஸ்டலுக்குப் போனப் போட்டு, புள்ள நல்லாருக்கு, திங்கக்கெழமை கொண்டாந்து விடுறோம்னு சொல்லிரு. அந்தப் பொட்டி அப்படியேதான இருக்கு? சரி, வைய்யி.

என்னடா? என்ன சாமி, என்ன சொன்ன? அண்ணே, பேசுறாண்ணே! இத்தனை நாளு கழிச்சு வாயத் தெறந்துட்டா! என்னடா தங்கம், அப்பாவுக்குக் கேக்கல, திரும்பச் சொல்லு.

‘அப்ப இனிமே நாம மதுரைக்கு வர வேண்டாமாப்பா?’ங்குறாண்ணே.

வேண்டாம்டா ராசா. வரவே வேண்டாம். எல்லாம் சரியாப் போச்சு, இனி உன்னய நான் எதுக்கு இங்க கூட்டிட்டு வரப்போறேன்? ஏண்டா, ஏன் இப்படி அழுகுற? அண்ணே, பாருங்கண்ணே, சட்டையப் பிடிச்ச பிடிய விட மாட்டேங்குறா. அட கிறுக்குப் புள்ள, நல்ல சேதி சொன்னதுக்கு யாராச்சும் அழுவாகளா?